சிறிய காரில் மலை மிதிவண்டி: அளப்போம், கழற்றுவோம், கட்டுவோம்

சுமந்த வண்டியும் சுமக்கப்படும் வண்டியும்

நம் சிகாமட் வட்டாரத்துத் தோட்டங்களில் மிதிவண்டி என்பது நெடுங்காலமாகச் சுமை தாங்கும் வாகனமாகவே இருந்து வந்தது. விடியுமுன் பால்மரக் காட்டுக்குப் புறப்பட்ட தொழிலாளர்கள் தங்கள் வாளிகளையும் உளியையும் அதில்தான் கொண்டு சென்றனர். கடைக்குச் சென்று திரும்பும்போது அரிசி மூட்டை பின்னால் ஏறியது. பள்ளிக்குப் புறப்படும்போது முன் கம்பியில் ஒரு பிள்ளையும் பின் இருக்கையில் ஒரு பிள்ளையும் ஏறினர். வீட்டுக்கு ஒரு வண்டி. வண்டிக்கு நூறு வேலை என்பதே அன்றைய நிலை.

இன்று காலம் மாறியுள்ளது. பல குடும்பங்கள் லயத்து வீடுகளை விட்டுத் தாமான்களில் குடியேறிவிட்டன. வாசலில் ஒரு சிறிய கார் நிற்கிறது. பிள்ளைகளுக்கு வாய்த்த மிதிவண்டியோ தடித்த டயரும் பல கியர்களும் உடைய மலை மிதிவண்டியாக இருக்கிறது. விடுமுறைக்கு லாபிஸிலுள்ள தாத்தா வீட்டுக்குச் செல்லும்போது பிள்ளை அதையும் உடன் கொண்டுவர விரும்புகிறது. ஜெமந்தா சாலை வழியே சென்று, 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலையின் அடிவாரத்தில் ஓட்டிப் பார்க்கவும் ஆசைப்படுகிறது. பழுது பார்க்கக் கடைக்குக் கொண்டு செல்லவும் வேண்டியிருக்கிறது. அன்று நம்மைச் சுமந்த வண்டியை இன்று நாம் சுமக்க வேண்டியதாயிற்று.

இந்த வண்டி அந்தச் சிறிய காருக்குள் அடங்குமா? அடங்கும். ஆனால் வலிமையால் திணித்தால் அடங்காது. அளந்து, கழற்றி, ஒழுங்காக வைத்தால் அடங்கும். அடங்கிய பின்னும் வேலை முடிந்துவிடுவதில்லை. காருக்குள் இருக்கும் மனிதருக்குத் தீங்கு நேராதபடி அதனைக் கட்டி வைக்க வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

இரண்டு வாகனங்களின் வரலாறு

மலை மிதிவண்டி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தோன்றியது. அங்கே மரின் என்னும் மாவட்டத்தில், 1970ஆம் ஆண்டுகளில், இளைஞர்கள் சிலர் பருமனான டயர்களைக் கொண்ட பழைய மிதிவண்டிகளை மலைச்சரிவுகளில் ஓட்டி மகிழ்ந்தனர். 1976ஆம் ஆண்டு முதல் அவர்களிடையே போட்டிகளும் நடைபெற்றன. சரிவில் இறங்கும்போது இடைவிடாமல் பிரேக் பிடித்ததால் பின்சக்கர அச்சினுள் இருந்த மசகு சூடேறிப் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிய மசகை அடைக்க வேண்டியிருந்தது. ‘மறுபடியும் அடைத்தல்’ என்னும் பொருளில் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயராயிற்று. 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் மலைப்பாதைக்கென்றே ஒரு சட்டகத்தைச் செய்தார். 1981இல் இவ்வகை வண்டிகள் தொழிற்சாலைகளில் பெருமளவில் உருவாகத் தொடங்கின. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டி ஓட்டம் முதன்முறையாக இடம்பெற்றது.

இங்கே நாம் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த இளைஞர்கள் தங்கள் வண்டிகளைச் சரக்கு வாகனங்களில் ஏற்றி மலையுச்சிக்குக் கொண்டு சென்றனர். பிறகே சரிவில் ஓட்டினர். ஆகவே, பிறந்த நாள் தொட்டே மலை மிதிவண்டி மற்றொரு வாகனத்தில் ஏறிச் செல்லும் வண்டியாக இருந்திருக்கிறது.

அடுத்து நமது சிறிய காரைப் பார்ப்போம். மலேசியாவின் இரண்டாவது தேசியக் கார் நிறுவனமாகிய பெரொடுவா 1993இல் தொடங்கப்பட்டது. சிலாங்கூரின் ரவாங்கில் அதன் தொழிற்சாலை உள்ளது. 1994இல் அது வெளியிட்ட முதல் கார் ‘கஞ்சில்’. அந்த மலாய்ச் சொல்லுக்குச் சருகுமான் என்பது பொருள். முதலைகளை ஏமாற்றி ஆற்றைக் கடந்த புத்திசாலிச் சருகுமானின் கதையை நம் மாணவர்கள் அறிவர். உருவில் சிறியதாயினும் அறிவில் பெரியது அது. 660 சி.சி. இயந்திரம் கொண்ட அந்தச் சிறிய கார், முன்பு மோட்டார் சைக்கிளை மட்டுமே நம்பியிருந்த பல தொழிலாளர் குடும்பங்களுக்கு முதல் காராக அமைந்தது. அதன் உற்பத்தி 2009இல் நின்றது. 2005இல் ‘மைவி’யும் 2014இல் ‘அக்சியா’வும் வந்தன.

இவை யாவும் ‘ஹேட்ச்பேக்’ என்னும் வகையைச் சேர்ந்தவை. பக்கங்களில் நான்கு கதவுகள் இருக்க, பின்புறம் கண்ணாடியோடு சேர்ந்து மேல்நோக்கித் திறக்கும் ஐந்தாம் கதவு ஒன்றும் உண்டு. பின் இருக்கையின் சாய்மானத்தை மடித்துவிட்டால், அந்தக் கதவிலிருந்து முன் இருக்கையின் முதுகு வரை ஒரே அறையாகிவிடும். சிறிய காருக்கு இது பெரிய வசதி. நமது மிதிவண்டி புகும் வழியும் இதுவே.

படியால் அளப்பதும் முழத்தால் அளப்பதும்

காரின் விளம்பரத் தாளில் பின்புற இடத்தின் அளவை லிட்டரில் குறிப்பிடுவர். 2017இல் வெளிவந்த மைவிக்கு 277 லிட்டர் என்று கூறப்பட்டது. இந்த எண்ணை மட்டும் கொண்டு மிதிவண்டி அடங்குமா என்று சொல்ல முடியாது. அரிசியைப் படியால் அளக்கிறோம். கயிற்றை முழத்தால் அளக்கிறோம். அரிசி எந்தப் பாத்திரத்திலும் அதன் வடிவத்தை ஏற்றுக்கொள்ளும். ஒரு மூங்கில் கழியோ, பருமன் சிறிதாயினும், தன் நீளத்தை விட்டுக்கொடுக்காது. மிதிவண்டியும் கழியைப் போன்றதே. அதற்குக் கொள்ளளவைவிட நீளமும் அகலமும் உயரமுமே முக்கியம்.

ஆகவே முதலில் அளவு நாடாவை எடுத்துக் கொள்வோம். காரில் மூன்று அளவுகள் தேவை. முதலாவது, பின்கதவைத் திறந்தால் தெரியும் வாயின் அகலமும் உயரமும். குறுகலான இடத்திலேயே அளக்க வேண்டும். உள்ளே எவ்வளவு இடம் இருந்தாலும் வாய் சிறியதாயின் பொருள் நுழையாது. இரண்டாவது, சாய்மானத்தை மடித்த பின், முன் இருக்கையின் முதுகிலிருந்து மூடிய பின்கதவு வரையுள்ள நீளம். இதை இரண்டு உயரங்களில் அளக்க வேண்டும். ஏனெனில் பல கார்களில் பின்கண்ணாடி மேலே செல்லச் செல்ல முன்னோக்கிச் சாய்கிறது. மூன்றாவது, இருபக்கச் சக்கர மேடுகளுக்கு இடையேயுள்ள அகலம்.

இனி வண்டியை அளப்போம். மலை மிதிவண்டிகளின் சக்கரங்கள் பெரும்பாலும் 26, 27.5, 29 அங்குலம் என்று மூவகைப்படும். ஓர் அங்குலம் 2.54 செ.மீ. ஆதலின், 26 அங்குலச் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 66 செ.மீ.; 29 அங்குலச் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 74 செ.மீ. ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரு வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 115 செ.மீ. இருக்கிறது. அதன் சக்கர விட்டம் 74 செ.மீ. முன் அச்சுக்கு முன்னால் அரைச் சக்கரமும், பின் அச்சுக்குப் பின்னால் அரைச் சக்கரமும் நீண்டிருக்கும் அல்லவா? அரைச் சக்கரம் 37 செ.மீ. எனவே வண்டியின் முழு நீளம் 37 + 115 + 37 = 189 செ.மீ.

முன்சக்கரத்தை மட்டும் கழற்றினால் நீளம் 189 - 37 = 152 செ.மீ. ஆகும். இரண்டு சக்கரங்களையும் கழற்றினால் 152 - 37 = 115 செ.மீ. தான் மிஞ்சும். பின்புறம் தொங்கும் கியர் மாற்றியும் கவையின் நுனியும் சற்று நீண்டிருக்கும் என்பதால் ஒரு சாண் கூட்டிக் கொள்வது நல்லது. ஆயினும், ஒரு பெரியவரின் உயரத்தைவிட நீண்டிருந்த வண்டி, இரண்டு சக்கரங்களை நீக்கியதும் ஒரு சிறுவனின் உயரத்துக்குக் குறைந்துவிட்டது. சட்டகத்தில் ஒரு கம்பியையும் நாம் வளைக்கவில்லை.

26 அங்குலச் சக்கரமுள்ள சிறிய வண்டியாயின் கணக்கு இன்னும் எளிது. அச்சுகளுக்கு இடையே 106 செ.மீ. என்று கொண்டால், முழு நீளம் 172. முன்சக்கரம் நீங்கினால் 139. இரண்டும் நீங்கினால் 106 செ.மீ. தம் வீட்டு வண்டியின் அளவுகளை இவ்வாறே ஒவ்வொருவரும் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

மூலைவிட்டத்தின் உதவி

நேராக வைத்தால் அடங்காத பொருள் சாய்வாக வைத்தால் அடங்குவதுண்டு. செவ்வகத்தின் எதிர் மூலைகளை இணைக்கும் கோட்டை மூலைவிட்டம் என்கிறோம். அது நீளத்தைவிடவும் அகலத்தைவிடவும் பெரியது. காரின் தரை 120 செ.மீ. நீளமும் 90 செ.மீ. அகலமும் உடையது என்று வைத்துக் கொள்வோம். 120ஐ 120ஆல் பெருக்கினால் 14,400. 90ஐ 90ஆல் பெருக்கினால் 8,100. இரண்டையும் கூட்டினால் 22,500. இது 150ஐ 150ஆல் பெருக்கி வரும் எண். எனவே மூலைவிட்டம் 150 செ.மீ. ஆகும். தரை 120 செ.மீ. தான் என்றாலும் 150 செ.மீ. கழியொன்று அதில் சாய்வாகப் படுத்திருக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்தக் கணக்கு மெல்லிய கழிக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். மிதிவண்டிக்கு அகலமும் உண்டு. ஆகவே மூலைவிட்டத்தை இடத்தின் மேல் எல்லையாகக் கொள்ள வேண்டுமேயன்றி, அந்த அளவுள்ள வண்டி கட்டாயம் அடங்கும் என்று எண்ணிவிடலாகாது.

கழற்றும் முறை

வண்டியைக் கழற்றுமுன் சேற்றைத் துடைத்துவிட வேண்டும். செம்பனைக் காட்டுச் சேறு காய்ந்தால் மண். காயாவிட்டால் காருக்குள் நாற்றம். மேலும், ஈரத்தோடு மூடி வைத்த சங்கிலியில் துரு ஏறும்.

முதற்படியாக, சங்கிலியைப் பின்பக்கத்திலுள்ள மிகச் சிறிய பற்சக்கரத்துக்கு மாற்ற வேண்டும். அப்போது பின்சக்கரம் எளிதில் வெளியே வரும்; திரும்பப் பூட்டுவதும் எளிது. அடுத்து, இருக்கையை முழுவதும் இறக்க வேண்டும். இறக்குமுன் அது நின்ற உயரத்தில் ஒரு துண்டு ஒட்டுநாடாவைச் சுற்றிவிட்டால் பிறகு அளக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக முன்சக்கரம். பல வண்டிகளில் அச்சின் ஒரு முனையில் ஒரு நெம்புகோல் இருக்கும். அதனைத் திறந்து, மறுமுனையிலுள்ள மரையைச் சிறிது தளர்த்தினால் ஸ்பானர் இல்லாமலே சக்கரம் கழன்றுவிடும். இதனை உருவாக்கியவர் இத்தாலிய நாட்டு மிதிவண்டி ஓட்டக்காரர் துல்லியோ கம்பக்னோலோ. பனி பெய்த மலைச் சாலையில் நடந்த ஒரு போட்டியில், விரைத்த விரல்களால் சக்கரத்தின் மரையைத் திருப்ப இயலாமல் அவர் துன்புற்றார் என்றும், அத்துன்பமே இக்கருவிக்கு வித்திட்டது என்றும் கூறுவர். 1930இல் இது உருப்பெற்றது. அன்று பந்தயக்காரருக்காகப் பிறந்த நெம்புகோல் இன்று நம் வீட்டுப் பிள்ளைக்கும் பயன்படுகிறது. சில புதிய வண்டிகளில் இதற்குப் பதிலாகக் கவையின் ஊடே செல்லும் தடித்த அச்சு இருக்கும். அதனைத் திருகி முழுவதும் உருவிய பிறகே சக்கரம் வரும்.

பிரேக்கைப் பற்றியும் அறிந்திருக்க வேண்டும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள் உள்ள வண்டியில், முதலில் பிரேக்கின் கம்பியை விடுவித்தால்தான் பருமனான டயர் இடையே நுழைந்து வெளிவரும். அச்சின் அருகே உலோக வட்டுள்ள டிஸ்க் பிரேக்காயின், ஓட்டி நிறுத்தியவுடன் அந்த வட்டைத் தொடக் கூடாது, கை சுட்டுவிடும். எண்ணெய்க் கையாலும் தொடக் கூடாது. பிரேக் பிடிப்பது குறையும். சக்கரத்தைக் கழற்றிய பின் பிரேக் பிடியை ஒருபோதும் அழுத்தலாகாது. இடையில் வட்டு இல்லாததால் பிரேக் கட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும். பிறகு சக்கரம் நுழையாது. தடித்த அட்டைத் துண்டு ஒன்றை அவற்றின் இடையே செருகி வைப்பது எளிய காப்பு.

நான்காவதாக ஹேண்டில். வண்டியைப் படுக்க வைத்தால் ஹேண்டில் செங்குத்தாக எழுந்து நிற்கும். 70 செ.மீ.க்கும் மேல் அகலமுள்ள ஹேண்டில்கள் இன்று மிகுதி. முன்சக்கரம் நீங்கிய பின் கவையைக் கால் வட்டம் திருப்பினால் ஹேண்டில் சட்டகத்தோடு ஒட்டிப் படிந்துவிடும். திருப்பும்போது பிரேக், கியர்க் கம்பிகள் இழுபடாதவாறு பார்த்துக் கொள்ள வேண்டும்.

பெடல்கள் இடித்தால் அவற்றையும் கழற்றலாம். இங்கே ஒரு வியப்பு உண்டு. வலப்பக்கப் பெடல் மற்ற மரைகளைப் போலவே இடப்புறம் திருப்பினால் கழலும். இடப்பக்கப் பெடலின் மரையோ எதிர்ப்புறம் வெட்டப்பட்டது. தெரியாதவர் பலம் கொண்ட மட்டும் திருப்பித் திருப்பி அதனை இறுக்கிக் கொண்டேயிருப்பார். நினைவில் வைக்க ஒரு வழி உண்டு. ஸ்பானரின் பிடி மேல்நோக்கி நிற்குமாறு பொருத்திக் கொள்ளுங்கள். எந்தப் பக்கமாயினும், பிடியை வண்டியின் பின்புறம் நோக்கித் தள்ளினால் பெடல் கழலும். முன்புறம் நோக்கித் தள்ளினால் இறுகும்.

கழற்றிய மரைகளையும் சிறு உறுப்புகளையும் ஒரு பால் டின்னில் போட்டு மூடி, காரிலேயே வைக்க வேண்டும். சட்டைப் பையில் போட்ட மரை சலவைக்குப் போன கதை எல்லா ஊரிலும் உண்டு.

ஏற்றும் முறை

பின் இருக்கையின் சாய்மானத்தை மடித்து, முன் இருக்கையை ஓட்டுபவருக்கு இடையூறு இல்லாத அளவுக்கு முன்னே நகர்த்த வேண்டும். தரையில் பழைய கம்பளியை விரிக்க வேண்டும். பெரியவர் ஒருவர் பின்கதவருகே நின்று வண்டியைத் தூக்கிக் கொடுக்க, மற்றொருவர் பக்கக் கதவின் வழியே வாங்குவது நன்று. ஏறத்தாழ 14 கிலோ எடையை உடலை முறுக்கிக்கொண்டு ஒருவரே தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

சங்கிலியும் கியரும் இருக்கும் வலப்பக்கம் மேலே இருக்குமாறு சட்டகத்தைப் படுக்க வைக்க வேண்டும். அப்போது கியர் மாற்றி தரையில் அழுந்தி வளையாது. பொதுவாகப் பின்பகுதியை முதலில் நுழைத்து, அகன்ற ஹேண்டில் பகுதியைக் கடைசியில் கொண்டுவருவது எளிது. சில கார்களில் இதற்கு மாறான முறையே பொருந்தும். இரண்டையும் முயன்று பார்க்கலாம். அடுத்து, சக்கரங்களைப் பழைய துணியிலோ சாக்கிலோ இட்டு, டிஸ்க் வட்டு எதன்மீதும் அழுந்தாதபடி வைக்க வேண்டும்.

பின்கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது. கையால் மெல்ல இறக்கி, ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தி உள்ளே பார்க்க வேண்டும். ஹேண்டிலின் நுனியோ பெடலோ கண்ணாடியில் பட்டால், ஒரு தள்ளலில் கண்ணாடி நொறுங்கிவிடும். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும்வரை வண்டியைச் சரிசெய்து கொண்டேயிருக்க வேண்டும்.

சிலர், கதவு மூடாவிட்டால் என்ன, கயிற்றால் கட்டித் திறந்தபடியே ஓட்டிவிடலாம் என்பர். இது பெருந்தீங்கு. ஓடும் காரின் பின்னால் காற்று சுழன்று உள்ளே திரும்புகிறது. அதனோடு புகைக்குழாயின் புகையும் காருக்குள் வருகிறது. அதில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வந்த பிறகே அது தெரியும். உறங்கும் குழந்தைக்கு அதுவும் தெரியாது. கதவு மூடாவிட்டால் வண்டி அடங்கவில்லை என்பதே பொருள்.

ஏன் கட்ட வேண்டும்?

காருக்குள் வைத்த பொருள் எங்கே போய்விடும் என்று தோன்றும். நியூட்டன் கண்ட முதல் விதியை மேல்நிலைப் பள்ளியில் படிப்போம். ஓடும் பொருள், அதனைத் தடுக்கும் விசை ஒன்று இல்லாதவரை, அதே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டே இருக்கும் என்பது அது. கார் 50 கி.மீ. வேகத்தில் செல்லும்போது உள்ளேயிருக்கும் மிதிவண்டியும் 50 கி.மீ. வேகத்தில்தான் செல்கிறது. கார் மோதி நின்றால், கட்டப்படாத மிதிவண்டி நிற்பதில்லை. முன்னே அமர்ந்திருப்போரின் முதுகை நோக்கிப் பாய்கிறது.

அந்தப் பாய்ச்சல் எத்தகையது? மணிக்கு 50 கி.மீ. என்பது வினாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது இந்த வேகத்தைப் பெறுகிறது. உயர்ந்த தென்னை மரத்தின் உச்சியிலிருந்து ஒரு காய் விழுவதை எண்ணிப் பாருங்கள். அதன் அடியில் நாம் பிள்ளைகளை நிற்க விடுவதில்லை. இங்கே விழுவது தேங்காயன்று. 14 கிலோ இரும்பும் அலுமினியமும்!

பத்து அனாம், சிகாமட், லாபிஸ் வழியே செல்லும் முதலாம் எண் கூட்டரசுச் சாலையை நாம் அனைவரும் அறிவோம். கூட்டரசுச் சாலைகளின் பொது வேக எல்லை 90 கி.மீ. அந்த வேகம் 30 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வேகம் இருமடங்குகூட ஆகவில்லை. வீழ்ச்சியின் உயரமோ மும்மடங்கைத் தாண்டிவிட்டது. இதனால்தான் வேகத்தைப் பற்றிப் பெரியோர் அடிக்கடி எச்சரிக்கின்றனர்.

எனவே கட்ட வேண்டும். காரின் தரையில் கொக்கிகள் இருந்தால் சட்டகத்தின் முக்கோணத்தின் ஊடே நீளாத நாடாவை விட்டு, இரண்டு இடங்களிலேனும் இறுக்கிக் கட்ட வேண்டும். ரப்பர் பட்டையை மட்டும் நம்பலாகாது. ரப்பரின் இயல்பை நம் தோட்ட மக்களைவிட அறிந்தவர் யார்? இழுத்தால் நீள்வதே அதன் குணம். சிறு குலுக்கலில் சத்தம் வராமல் காக்க அது உதவும்; பெரும் அதிர்ச்சியில் அது நீண்டு வண்டியை முன்னே விட்டுவிடும். கழற்றிய சக்கரங்களையும் சட்டகத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். ஸ்பானர், காற்றுப் பம்பு போன்றவற்றை ஒரு பையிலிட்டு முன் இருக்கையின் அடியில் வைக்க வேண்டும்.

ஆளுக்கு இடம் முதலில்

இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதனை மறக்க வேண்டா. ஆளுக்கு இடம் முதலில். வண்டிக்கு இடம் பிறகு.

பின் இருக்கை முழுவதையும் மடித்துவிட்டால் அந்தக் காரில் இருவர்தான் செல்ல முடியும். மடித்த சாய்மானத்தின் மீதோ, மிதிவண்டியின் பக்கத்திலுள்ள இடுக்கிலோ பிள்ளையை உட்கார வைக்கக் கூடாது. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வதும் கூடாது. நம் நாட்டில் பின் இருக்கையினரும் வார்ப்பட்டை அணிய வேண்டும் என்னும் விதி 2009 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. சிறு பிள்ளைகளுக்குரிய தனி இருக்கை 2020 சனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. இவை தண்டத்துக்கு அஞ்சிச் செய்ய வேண்டியவை அல்ல. பிள்ளைக்காகச் செய்ய வேண்டியவை. சாய்மானத்தை இரு பகுதியாக மடிக்கத்தக்க காராயின், ஒரு பகுதியில் ஒருவர் வார்ப்பட்டையுடன் அமரலாம். ஆனால் வண்டியின் எந்தக் கூரிய முனையும் அவர் பக்கம் நோக்கியிருக்கக் கூடாது. கட்டும் உறுதியாக இருக்க வேண்டும்.

நான்கு பேர் கொண்ட குடும்பம் தாத்தா வீட்டுக்குப் போகிறது; மிதிவண்டியும் வர வேண்டும் என்று பிள்ளை அழுகிறது. அப்போது என்ன செய்வது? இருமுறை சென்று வரலாம். உறவினர் வாகனத்தில் அனுப்பலாம். காரின் பின்னே பொருத்தும் தாங்கி ஒன்றை வாங்கலாம். அப்படியாயின் பின்விளக்குகளும் எண் பலகையும் மறையாதபடி பொருத்த வேண்டும். இவையொன்றும் இயலாவிட்டால் இம்முறை வண்டி வீட்டில் நிற்கட்டும். பிள்ளையின் அழுகை லாபிஸ் சேருமுன் தீர்ந்துவிடும்.

திரும்பப் பூட்டும்போது

போய்ச் சேர்ந்த மகிழ்ச்சியில் அவசரப்படக் கூடாது. சக்கரம் கவையின் இருபுறமும் முழுவதும் அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெம்புகோலை மரையைப் போலச் சுற்றி இறுக்குவது தவறு. மறுமுனை மரையைச் சரிசெய்த பின், நெம்புகோலை மடக்கி மூட வேண்டும். மூடும்போது உள்ளங்கையில் அதன் தடம் பதியும் அளவுக்கு இறுக்கம் இருக்க வேண்டும். விளிம்புப் பிரேக்காயின் விடுவித்த கம்பியை மீண்டும் மாட்ட வேண்டும். இதனை மறந்து சரிவில் இறங்கியவருக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைப்பதரிது.

பிறகு முன்பகுதியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஹேண்டில் நேராக உள்ளதா, இரண்டு பிரேக்குகளும் பிடிக்கின்றனவா, டயரில் காற்று உள்ளதா என்று ஆராய வேண்டும். சமதரையில் மெல்ல ஓட்டிப் பார்த்த பின்னரே பாதையில் இறங்க வேண்டும். தலைக்கவசம் அணிவதைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்த வேலையைப் பெற்றோர் தனியே செய்துவிடாமல் பிள்ளைகளையும் உடன் வைத்துச் செய்தல் நலம். அளவு நாடாவைப் பிடிப்பதில் கணக்கு இருக்கிறது. மரையைத் திருப்புவதில் அறிவியல் இருக்கிறது. கழற்றியதை அதே ஒழுங்கில் பூட்டுவதில் பொறுமை இருக்கிறது. ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்னும் வேற்றுமை ஸ்பானருக்குத் தெரியாது. தன் வண்டியைத் தானே கழற்றிப் பூட்டத் தெரிந்த பிள்ளை, அதனைப் பேணவும் கற்றுக்கொள்கிறது. சருகுமான் வலிமையால் ஆற்றைக் கடக்கவில்லை; அறிவால் கடந்தது. நாமும் அளந்து ஏற்றுவோம், கட்டிச் செல்வோம், நலமாய்த் திரும்புவோம்.

மாணவர்களுக்குப் பயிற்சி

1. ஒரு மிதிவண்டியின் அச்சுகளுக்கு இடையே 110 செ.மீ.; சக்கர விட்டம் 70 செ.மீ. அதன் முழு நீளம் என்ன? முன்சக்கரத்தைக் கழற்றினால் எவ்வளவு? இரண்டையும் கழற்றினால் எவ்வளவு?

2. ஒரு பெட்டியின் தரை 80 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உடையது. அதன் மூலைவிட்டம் என்ன? 95 செ.மீ. நீளமுள்ள மெல்லிய கழி அதில் படுத்திருக்குமா?

3. வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எழுதி, அதனை அதனாலேயே பெருக்கி 20ஆல் வகுத்தால், வீழ்ச்சியின் உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். மணிக்கு 72 கி.மீ. என்பது வினாடிக்கு 20 மீட்டர். அந்த வேகம் எவ்வளவு உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்?

4. உங்கள் வீட்டுக் காரின் பின்கதவு வாயை அளந்து, படம் வரைந்து, அளவுகளைக் குறியுங்கள். கார் இல்லாதவர்கள் வீட்டு அலமாரியை அளக்கலாம்.

5. பின்கதவைத் திறந்தபடி கார் ஓட்டுவது ஏன் தீங்கானது? ஐந்து வாக்கியங்களில் எழுதி, வீட்டுப் பெரியோரிடம் படித்துக் காட்டுங்கள்.